எலும்பில்லாத இடம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், எலும்பில்லாத இடம் முறியாது. கை முறியும், கால் முறியும், விலா முறியும், மனசு முறிந்துவிட்டது என்றுகூடச் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஆனால் ஓர் ஆண்மகனுக்கு, அவன் ஆண்மகன்தான் என்பதற்கு அத்தாட்சியாக இயற்கை கொடுத்திருக்கும் உறுப்பு மட்டும் எக்காலத்திலும், எந்த நிலைமையிலும் முறியாது. ஏனென்றால் அதில் எலும்பு இல்லை.

இந்தத் தீர்ப்பை வழங்கியவர் ஐஸ் கம்பெனியின் தொட்டி மேஸ்திரி. வழங்கிய இடம் அவர் வீட்டுப் படுக்கையறை. வழங்கும்போது அவர் கட்டில் விளிம்பில், இடுப்புக்கு மேலே விறைப்பாகவும் இடுப்புக்குக் கீழே சுருண்டும், தலையணை ஒன்றை மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் வேர்வை முத்து முத்தாக நின்றது. மேல்முறையீடு செய்யக்கூடிய ஒரே ஆள் அவர் மனைவி. அவள் தீர்ப்பை நம்பவில்லை. ஏனென்றால் அவள் சத்தத்தைக் கேட்டிருந்தாள். காய்ந்த சுள்ளியை மடக்கினால் வருமே, அந்தச் சத்தம்.

"முறிஞ்சிருந்தா நான் இப்படிப் பேசிக்கிட்டு உக்காந்திருப்பேனா?" என்றார் அவர்.

அவருக்கு வாய் முறியவில்லை என்பது மட்டும் அதிலிருந்து தெரிந்தது.

மேஸ்திரியைக் கம்பெனியில் எல்லோரும் ஜெனரல் என்பார்கள். முகத்துக்கு நேரேயும் சொல்வார்கள். அவர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொண்டதே இல்லை, பட்டமாக எடுத்துக்கொண்டார். ஐஸ் கம்பெனித் தொட்டி என்பது தரைக்குக் கீழே கிடக்கும் ஒரு குளம். அதில் நிற்பது உப்புத் தண்ணீர். அமோனியாக் குழாய்கள் அதை எலும்பு உறையும் குளிருக்குக் கொண்டுபோய் வைத்திருக்கும். குளம் முழுக்க வரிசை வரிசையாக ஆளுயரத் தகர அச்சுகள், ஒவ்வொன்றிலும் நல்ல தண்ணீர், மேலே மரப்பலகை மூடி. அந்த மூடிகள்மேல்தான் நடக்க வேண்டும், அவை எப்போதும் ஈரம். ரப்பர் பூட்ஸும் நிதானமும் இல்லாதவன் முதல் வாரத்திலேயே பல்லை உடைத்துக்கொள்வான். தண்ணீர் உறைந்ததும் மேலே ஓடும் தூக்கியில் அச்சை மாட்டி எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால், பாளம் உள்ளேயிருந்து 'சல்' என்று வழுக்கி வெளியே வரும். அதைக் கொக்கியால் இழுத்துச் சரிவில் தள்ளினால் அரைக்கும் மிஷின் வாயில் போய் விழும். மீன் லாரிகள் கீழே காத்து நிற்கும். இந்த வேலையில் இருபது வருஷமாக ஜெனரல் செய்துவந்தது, மூடிகளின் நடுவில் நின்றுகொண்டு, மற்றவர்கள் எப்படியும் செய்யப்போகிற காரியத்தைச் செய்யும்படி உத்தரவிடுவது. பாளம் சரிவில் இறங்கத் தொடங்கிய பிறகு 'இறக்கு' என்பார். இறங்கிவிடும். அவருக்குத் திருப்தியாக இருக்கும்.

அப்படிப்பட்டவர், கம்ப்ரஸரைப் பிரித்துத் துடைப்பதற்காகக் கம்பெனியை மூடியிருந்த ஒரு நாளில், மகள் பள்ளிக்கூடம் போயிருந்த மத்தியான வேளையில், வீட்டில் இருந்தார். புருஷன் பெண்டாட்டிக்கு இப்படி ஒரு மத்தியானம் கிடைப்பது அபூர்வம். அவள் முன்னறையில் லாரிக்குப் போடும் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் பாதியில் நின்றது. ஜன்னல் சாத்தப்பட்டது. பிறகு நடந்ததில் சொல்வதற்கு அதிகமில்லை. அவள் ஒரு பக்கம் நகர்ந்தாள், அவர் அவசரப்பட்டார், குறி தப்பி அவள் இடுப்பெலும்பில் மோதி மடங்கியது. சத்தம் கேட்டது. விறைப்பு அந்தக் கணமே, விளக்கை அணைத்த மாதிரி, போய்விட்டது. வலி வந்தது. கண்ணெதிரே வீங்கியது. வீங்கிய வேகத்தைப் பார்த்து அவள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க," என்றாள்.

ஜெனரல் அவளைப் பார்த்த பார்வையில், அவள் கம்பெனியைக் கொளுத்திவிடலாம் என்று சொல்லியிருந்தால்கூட அதிகக் கருணை இருந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன சொல்வது, யாரிடம் காட்டுவது, சீட்டு எழுதுகிற பெண் என்ன வியாதி என்று கேட்டால் எந்தக் குரலில் பதில் சொல்வது என்று வரிசையாகக் கேட்டார். "ஐஸை எடுத்துட்டு வா," என்றார்.

இங்கேதான் அந்தக் கம்பெனிக்காரர்களின் விசேஷம். அவர்கள் வீட்டிலெல்லாம் ஒரு தெர்மாகோல் பெட்டி இருக்கும், அதில் உடைந்த ஐஸ் இருக்கும், வேறு மருந்து எதுவும் இருக்காது. தலைவலிக்கு நெற்றியில், பல்வலிக்குத் தாடையில், சுளுக்குக்கு முட்டியில், பெண்டாட்டி கோபித்துக்கொண்டால் மோரில். ஐஸ் வைத்தால் வலி போகும். வலி போனால் நோய் போயிற்று. இது அவர்களுக்கு வேதம். மரத்துப்போவதற்கும் குணமாவதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று அந்தத் தெருவில் யாரும் சொன்னதில்லை. சொன்னால் அவனை வேலையிலிருந்தே எடுத்திருப்பார்கள்.

ஐஸ் வந்தது. துண்டில் சுற்றியது கொஞ்சம், சுற்றாதது நிறைய. ஜெனரல் பல்லைக் கடித்தார், கண்ணை மூடினார், பிறகு மெதுவாக முகம் தளர்ந்தது. வலி குறைந்துவிட்டது என்று அறிவித்தார். கொஞ்ச நேரம் கழித்து, வலி அறவே இல்லை என்றார். தன்னுடைய தெம்பைக் காட்ட நாளைக்கு எந்த வரிசை அச்சை முதலில் எடுப்பது என்பதைப் பற்றிக்கூடப் பேசினார். ஆனால் அவள் துண்டை விலக்கிப் பார்த்தாள். வலி போன இடத்தில் நிறம் வந்திருந்தது. கத்தரிக்காய் நிறம். அது மட்டுமல்ல, ஒரு பக்கம் புடைத்து மறுபக்கம் சாய்ந்து, காற்றில் வளைந்துபோன செடி மாதிரி கிடந்தது. குளிரால்தான் கறுத்துவிட்டது என்றார் அவர். வளைவுக்கு அவரிடம் காரணம் தயாராக இல்லை, ஆகையால் அதை அவர் பார்க்கவில்லை.

சாயங்காலம் அவர் கம்பெனி எஞ்சின்காரருக்கு போன் செய்தார். கம்ப்ரஸரை ஓட்டுகிறவர், வயதானவர், உடம்பு விஷயத்தில் அந்தத் தெருவுக்கே கடைசி வார்த்தை. சொந்தக்காரப் பையன் ஒருத்தனுக்கு இப்படி ஆகிவிட்டதாம் என்று ஜெனரல் ஆரம்பித்தார். குரலை அலட்சியமாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாட்டை அவள் சமையற்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சுளுக்குதான், ஐஸ் வைக்கச் சொல்லு, ரெண்டு நாளில் வத்திடும், எலும்பு இருந்தால்தானே முறியும் என்று அந்தப் பக்கத்திலிருந்து தீர்ப்பு உறுதி செய்யப்பட்டது. பிறகு எஞ்சின்காரர் கேட்டாராம், "பையன் உனக்கு எப்படிச் சொந்தம்?"

"தூரத்துச் சொந்தம்."

"ஐஸ் உன் வீட்ல இருந்துதான போகுது? ரொம்பத் தூரம்னா உருகிடப் போகுது, பாத்துக்க."

ஜெனரல் போனை வைத்துவிட்டு ஐஸ் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார்.

அன்றைக்கு மகளுக்குச் சோறு போட்டவளுக்கு, தான் என்ன சாப்பிட்டோம் என்று நினைவில்லை. அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது என்று மகளிடம் சொன்னாள். சொல்லும்போதே, இனிமேல் எத்தனை பேரிடம், எத்தனை வருஷத்துக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். அவள் பயம் இரண்டு தலைப் பாம்பு மாதிரி இருந்தது. ஒரு தலை, இந்த மனுஷன் இனி மனுஷனாக எழுந்து நடமாடுவாரா என்றது. இன்னொரு தலை அதைவிட மெதுவாக, நீதானே நகர்ந்தாய் என்றது. புருஷனை ஒடித்தவள் என்று ஒரு பட்டம் அந்தத் தெருவில் இதுவரை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. கொடுக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

காலையில் ஜெனரல் வேலைக்குப் புறப்பட்டார். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களாம். உள்ளே துணியை வைத்துக் கட்டி, மேலே தொளதொளவென்று பேன்ட் போட்டு, குதிரையிலிருந்து இப்போதுதான் இறங்கியவர் மாதிரி கால்களை அகட்டி வைத்துப் படி இறங்கினார். தெருமுனையில் யாரோ எதிர்ப்பட்டதும் கால்களைச் சேர்த்து நடந்தார். அந்த நாலைந்து அடியில் அவர் முதுகு நடுங்கியதை அவள் வாசலிலிருந்து பார்த்தாள்.

குளியலறையைக் கழுவப் போனவள், வெள்ளைத் தரையில் சிவப்பாக ஒரு சொட்டைப் பார்த்தாள். பக்கத்தில் இன்னொன்று. மூத்திரம் போகும்போது வந்திருக்கிறது; சொல்லாமல் தண்ணீரை ஊற்றியிருக்கிறார், அவசரத்தில் சரியாக ஊற்றவில்லை. போன் செய்தாள், எடுக்கவில்லை. மறுபடியும் செய்தாள். தையல் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். தார்ப்பாயின் கனத்த மடிப்பை ஊசிக்குக் கீழே தள்ளினாள், தையல் பாம்பாகப் போயிற்று. எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். உலகத்தில் தான் யாரைக் கண்டு அதிகம் பயப்படுகிறாளோ அவளைத் தேடிப் போனாள்.

ஜெனரலுக்கு உத்தரவு போடக்கூடிய ஒரே ஜீவன் அவருடைய அக்கா. தெருக்கோடியில் மாவு மிஷின் வைத்திருக்கிறாள். புருஷன் செத்த பிறகும் அவளேதான் ஓட்டுகிறாள். மிஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி, மிஷின் நின்றிருக்கும்போதும் அதே குரலில்தான் பேசுவாள். தலைமுடி, புருவம், இமை எல்லாம் மாவு படிந்து வெளுத்திருக்கும். அந்த வெள்ளைக்கு நடுவில் கண் இரண்டும் கரிக்கட்டை மாதிரி எரியும். தம்பி பெண்டாட்டியைக் கல்யாணப் பந்தலில் பார்த்த அன்றைக்கே, 'கொடியிலே காயப்போட்ட துணி மாதிரி இருக்கா' என்று சொன்னவள். அதற்குப் பிறகு அவள் சொன்னவற்றோடு ஒப்பிட்டால் அது பாராட்டு. ஊரில் யார் எது சொன்னாலும் ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுப்பாள். ஒன்றே ஒன்றைத் தவிர. பிள்ளை இல்லாதவள் என்று யாராவது குத்தினால் மட்டும், காது கேட்காதவள் மாதிரி மாவைச் சலித்துக்கொண்டிருப்பாள்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாவு வாங்க யாரும் நிற்கவில்லை. நின்றிருந்தால் ஜெனரலின் மனைவி திரும்பிப் போயிருப்பாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், "அக்கா, அவருக்கு அடிபட்டிடுச்சு," என்றாள். "எங்க?" என்று கேட்டாள் நாத்தனார். அவளுக்குச் சொல்லவும் வெட்கம். கையைக் காட்டவும் வெட்கம். கீழே பார்த்துக்கொண்டு, நேற்று மத்தியானம், வீட்டில், நாங்கள் இருக்கும்போது என்று மூன்று துண்டாகச் சொன்னாள்.

நாத்தனார் கையை நீட்டி மிஷினை அணைத்தாள். பெல்ட் சுழன்று சுழன்று நின்றது. அந்தக் கடைக்குள் அவ்வளவு அமைதியை அவள் கேட்டதே இல்லை.

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."

"சுள்ளி ஒடிஞ்ச மாதிரி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

"எனக்கும் கேட்டுச்சு," என்றாள் நாத்தனார். அந்தக் குரலில் அவள் பேசி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "கல்யாணம் ஆன புதுசு. என் வீட்டுக்காரரு என் தலைமேல கை வச்சு சத்தியம் வாங்கிட்டாரு, யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு. எண்ணெய் போட்டாரு. பத்து போட்டாரு. மூங்கில் பத்தை வச்சுக் கட்டினாரு. வீக்கம் வத்திடுச்சு. வளைவு வத்தல."

அவள் மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"அப்புறம் அது ஒண்ணுக்கும் உதவல. சாகுற வரைக்கும் அந்த மனுஷன் என் மூஞ்சியப் பாத்து நாலு வார்த்தை சேந்தாப்ல பேசல. ஊர்ல என்னை மலடின்னாங்க. சரின்னு கேட்டுக்கிட்டேன். வேற என்னத்தச் சொல்ல? சத்தியம் பண்ணிட்டேனே."

தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். மாவுதான் வந்தது. பிறகு பழைய குரல் திரும்பிற்று. "அந்த மடையன் இப்ப எங்க?"

கம்பெனியில் என்று சொன்னதும் நாத்தனார் கடைச் சாவியை எடுத்தாள். போய்க் கூப்பிட்டால் வரமாட்டான். காரணம் சொன்னால் தொட்டியில் குதித்துவிடுவான். அவனைக் கிளப்ப வேண்டுமென்றால் வேறு யாராவது சாக வேண்டும் என்றாள். யார் என்று இவள் பயந்து கேட்டாள். "நான்தான்," என்றாள் நாத்தனார், கடைக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டே.

ஆட்டோ ஐஸ் கம்பெனி வாசலில் போய் நின்றபோது, நாத்தனார் பின்சீட்டில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து கிடந்தாள். மாவு படிந்த முகத்தைக் கழுவாமல் வந்தது நல்லதாகப் போயிற்று. வெளிறிப்போய்விட்டாள் என்று வாசல் காவல்காரர் பார்த்ததும் நம்பினார். மனைவி உள்ளே ஓடினாள். தொட்டிக் கூடத்தில் அமோனியா கண்ணைக் கரித்தது. புகை மாதிரி குளிர் தரையோடு தவழ்ந்துகொண்டிருந்தது. மூடிகளின் நடுவில் ஜெனரல் நின்றிருந்தார். நின்றிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு கையால் தூக்கியின் கம்பியைப் பிடித்திருந்தார், உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது, சரிவில் பாளங்கள் அவர் உத்தரவில்லாமலே இறங்கிக்கொண்டிருந்தன. இவளைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த பயத்தைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது. சொல்லிவிட வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

"அக்காவுக்கு நெஞ்சு வலிங்க."

அவர் ஓடினார். ஓடியதை விவரிக்காமல் விடுவது அவருக்குச் செய்யும் மரியாதை. அரைக்கும் மிஷின் அருகில் நின்றவர்கள், அக்காமேல் இவ்வளவு பாசமா, கால் பின்னுகிறதே என்று உருகிப் பேசிக்கொண்டார்களாம்.

ஆட்டோவில் நாத்தனார் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர்தான் முனகினார். பாதி வழியில் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது; அக்காவின் நாடி அவருடையதைவிட ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அக்காவின் பிடி தளரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாத்தனார் எழுந்து, புடவையை உதறி, மாவு பறக்க இறங்கினாள். "எனக்கில்ல, இவனை உக்கார வைங்க," என்றாள்.

ஜெனரல் மனைவியைப் பார்த்தார். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இருபது வருஷத்தில் முதல்முறையாக அவரை யாரோ தள்ளிக்கொண்டு போனார்கள்.

சிறுநீரகப் பிரிவு டாக்டர் ஒல்லியான மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்தார். எப்படி ஆயிற்று என்று கேட்டார். ஜெனரல், ஐஸ் தொட்டியின் விளிம்பில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். விழுந்த கோணத்தைக் கையால் காட்டினார். டாக்டர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, அந்தக் கோணத்தில் விழுவதற்குப் பயிற்சி வேண்டும் என்றார். பிறகு மூத்திரம் போகிறதா, ரத்தம் வந்ததா என்று கேட்டார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றார் ஜெனரல்.

"பொய் டாக்டர்," என்றாள் அவள். "ரத்தம் வந்திருக்கு. நான் பாத்தேன். அவர் விழவும் இல்ல. நேத்து மத்தியானம், நாங்க ஒண்ணா இருந்தப்ப ஆச்சு. சுள்ளி ஒடிஞ்ச மாதிரி சத்தம். உடனே வீங்கிடுச்சு."

சொல்லி முடித்தாள். கூரை இடிந்து விழவில்லை. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். யாரோ சளி, இருமல் என்று சொன்னதைப் போல.

பரிசோதனை முடிந்து டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஜெனரல் கடைசி முயற்சியாக, அதில் எலும்பே இல்லையே டாக்டர் என்றார்.

"இல்லைதான். ஆனா உள்ள ரத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு கெட்டியான உறை இருக்கு. விறைப்பா இருக்கும்போது அது மெலிசாகி இழுபட்டு நிக்கும். அந்த நேரத்துல தப்பா மடங்கினா கிழிஞ்சிடும். உங்க வீட்ல கேட்டாங்களே, அது கிழிஞ்ச சத்தம். ரத்தம் வந்திருக்கு, அதனால மூத்திரக் குழாயும் கொஞ்சம் கிழிஞ்சிருக்கலாம். திறந்து பாத்துத் தைக்கணும். இன்னைக்கே."

"ஐஸ் வச்சேன். வலி சுத்தமா போயிடுச்சு."

"துணியில சுத்தி ஐஸ் வச்சுக்கிட்டு நேரா இங்க வந்திருந்தா ரொம்ப நல்லவர்னு சொல்லியிருப்பேன். ஐஸை வச்சுக்கிட்டு வீட்லயே உக்காந்திருந்தீங்க பாருங்க, அதான் தப்பு. வலி போச்சு. கிழிசல் எங்க போகும்?"

அவள்தான் கேட்டாள். கேட்க வேண்டியது அது ஒன்றுதான். "சரியாயிடுமா டாக்டர்?"

டாக்டர் கண்ணாடியை நெற்றியில் கண்டுபிடித்துக் கீழே இறக்கினார். நேற்றே வந்திருந்தால் நேற்றே தைத்திருப்பேன், ஒரு நாள் போய்விட்டது, இருந்தாலும் காலம் கடந்துவிடவில்லை என்றார். அடுத்த வாரம் வந்திருந்தால் உள்ளே தழும்பு கட்டிக்கொண்டு வளைந்துபோயிருக்கும், விறைப்பு திரும்புவதும் சந்தேகம். அப்போதும் பார்த்திருப்போம், துரத்தமாட்டோம். ஆனால் இவ்வளவு தெம்பாகப் பேசமாட்டேன் என்றார். நாத்தனார் கதவோரம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் என்ற வார்த்தை வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது நிறைய பேருக்கு வர்றதா டாக்டர்?" என்றார் ஜெனரல், தன் குரல் என்று அடையாளம் தெரியாத ஒரு குரலில்.

"வந்து காட்டுறவங்க கொஞ்சம். வெக்கப்பட்டு வீட்ல இருக்கிறவங்க எத்தனைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவரைப் பச்சைத் துணி போர்த்தி உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடுவதற்கு முன் அவர் தலையைத் தூக்கி, ஏதோ உத்தரவு போடப்போகிறவர் மாதிரி வாயைத் திறந்தார். உத்தரவு ஒன்றும் வரவில்லை. "நீ போயிடாத," என்றார்.

வெளியே நீள பெஞ்சு. மருந்து நெடி. யாரோ ஒருத்தர் வாளியில் தண்ணீர் வைத்துத் தரையைத் துடைத்துக்கொண்டே போனார். நாத்தனாரும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கதவு திறந்த ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்து நின்றாள். யாராவது கையைப் பிசைந்துகொண்டு வந்து, முடிந்தவரை பார்த்தோம் என்று சொல்லப்போகிறார்கள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அப்படிச் சொன்னால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் எப்படி இருப்பது? அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார், அவள் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருப்பாள், வருஷங்கள் போகும். அந்த வாழ்க்கையை முழுசாக வாழ்ந்து முடித்த ஒருத்தி தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நான்தாங்கக்கா நகந்தேன்," என்றாள்.

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நகராம என்ன பண்ணுவ? நீ என்ன கட்டிலா?"

அது அவள் நாத்தனார் வாயிலிருந்து கேட்ட முதல் ஆறுதல். அழுதாள். நாத்தனார் தன் தலைப்பைக் கொடுத்தாள். அழுது முடித்தபோது அவள் முகமெல்லாம் மாவு.

கதவு கடைசியில் திறந்தது. டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தார். உறையில் ஒரு கிழிசல், குழாயில் ஒரு சின்னக் கிழிசல், இரண்டையும் தைத்தாயிற்று, கட்டியிருந்த ரத்தத்தையும் எடுத்தாயிற்று என்றார். கொஞ்ச நாளைக்கு மூத்திரத்துக்குக் குழாய் இருக்கும். காயம் ஆறுகிறவரை புருஷன் பெண்டாட்டி தள்ளியே இருக்க வேண்டும், ஆறு வாரம் கழித்து வந்து காட்ட வேண்டும், அதுவரை வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். நேராக ஆறும் என்றுதான் நினைக்கிறேன், ஆறு வாரம் கழித்துத்தான் நிச்சயமாகச் சொல்வேன் என்றார். பயம் முழுசாகப் போகவில்லை. ஆறு வாரத்துக்குத் தவணை சொல்லப்பட்டது.

தெருவுக்குச் செய்தி வேறு விதமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. மாவு மிஷின் அக்காவுக்கு மாரடைப்பாம், பிழைத்ததே பெரிசாம். அவள் வீட்டுக்கு ஆப்பிளும் ஆரஞ்சும் வந்து குவிந்தன. இத்தனை காலமாக அவளிடம் வசை வாங்கியவர்களெல்லாம் வந்து கண்கலங்கிவிட்டுப் போனார்கள். எஞ்சின்காரர் வந்து, நெஞ்சில் ஐஸ் வைத்தீர்களா என்று விசாரித்தார். அவள் அவரை விசாரித்த விதத்தில் அவர் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாருக்கும் வைத்தியம் சொல்லவில்லை. ஜெனரல் லீவு போட்டது அக்காவைப் பார்த்துக்கொள்ள என்று ஆயிற்று. நல்ல தம்பி என்றார்கள். அக்கா தினம் பழங்களைக் கூடையில் போட்டு, நோயாளி வீட்டுக்கு நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வழியில் மார்பைப் பிடித்துக்கொள்ள அவள் மறந்ததே இல்லை.

அந்த ஆறு வாரமும் ஜெனரல் வீட்டில் உத்தரவே கேட்கவில்லை. காலையில் கண் விழித்ததும் முதல் காரியமாக அவர் போர்வைக்குள்ளே பார்த்துக்கொள்வார், பிறகு ராத்திரியெல்லாம் சரியாகத் தூங்காத அவளைப் பார்ப்பார். வீக்கம் வற்றியது. கத்தரி நிறம் பச்சையாகி, மஞ்சளாகி, போயிற்று. குழாயை எடுப்பதற்கு முன் பத்து நிமிஷம் வெளியே நின்று சாமிகளையெல்லாம் அவர் மொத்தமாகக் கூப்பிட்டார். ஒருநாள் விடியற்காலையில் உறக்கத்திலேயே விறைப்பு வந்துவிட்டது; வலிக்குமோ, கிழியுமோ என்று நடுங்கிப்போய் அவளை எழுப்பினார். இரண்டு பேரும் விளக்கைப் போட்டு, பாம்பைப் பார்ப்பது போலத் தள்ளி நின்று பார்த்தார்கள். நேராகத்தான் இருந்தது. அவள் சேலையைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அவரும் அழுதார் என்பதை யாரும் நம்பமாட்டார்கள்.

ஆறாவது வாரம் டாக்டர் பார்த்தார். தழும்பு இல்லை, வளைவு இல்லை, இனிமேல் ஒன்றும் தடையில்லை, ஆனால் அவசரம் வேண்டாம் என்றார். ஜெனரல் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் அவர் கண்ணாடி நெற்றியிலிருந்து விழுந்தது. வெளியே வந்ததும் அவர் நெஞ்சு நிமிர்ந்தது. குரல் திரும்பிவிட்டது. வெட்கப்படுகிறவன் கெட்டுப்போவான், உடம்பு விஷயத்தில் ஒரு மணி நேரம் தாமதிக்கக் கூடாது, இதை ஊருக்கே எடுத்துச் சொல்லப்போகிறேன் என்று பஸ்ஸில் அவளிடம் சொன்னார். மிக ரகசியமான குரலில் சொன்னார்.

கம்பெனியில் போட்ட லீவில் மறுநாள் ஒரு நாள் பாக்கி இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். ஜெனரல் வெந்நீரில் குளித்தார், சவரம் செய்தார், மீசையைச் சீவினார், பவுடர் போட்டார், புது வேட்டி கட்டினார். வாசல் கதவைத் தாழிட்டார். ஜன்னலைச் சாத்தினார். இது அவர்களுடைய இரண்டாவது கல்யாணம் என்றும், மறுபிறவி என்றும், இந்த நாளைத் தன் வாழ்நாளில் மறக்கப்போவதில்லை என்றும் ஜன்னலைப் பார்த்து நின்றபடி, தழுதழுத்த குரலில், கொஞ்சம் நீளமாகவே பேசினார். பேசி முடித்துத் திரும்பினார்.

அவள் தூங்கிப்போயிருந்தாள்.